கத்தி படுவதற்கு முன் ஒரு ஊசி

எங்கள் மகப்பேறு வார்டில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் ஒரே சீட்டுதான். சிசேரியன் என்றால் ஐந்து நாள் ஊசி, அப்புறம் வீட்டுக்குப் போகும்போது ஐந்து நாள் மாத்திரை. சுகப்பிரசவம் என்றால் ஊசி இல்லை, மாத்திரை மட்டும். கர்ப்பப்பை எடுத்தவர் என்றால் எல்லாமே கொஞ்சம் கூடுதல் நாளுக்கு. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகளான செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் இரண்டும் நிச்சயம் இருக்கும். சில டாக்டர்களுக்கு ஜென்டாமைசினும் சேர்ந்தால்தான் மனசு ஆறும். காலையிலும் மாலையிலும் ஊசி ட்ரேயைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவோம். ஒரு கையில் குழந்தையை அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே தாய் இன்னொரு கையை நீட்டுவார். ஊசி மருந்து ஏற்ற நரம்பில் செருகும் வென்ஃப்ளான் குழாய் போட்ட இடம் பலருக்கு மூன்றாம் நாளே சிவந்து வீங்கியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு வேறு நரம்பு தேடுவோம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. தையல் சீழ் பிடித்து, பச்சைக் குழந்தையோடு ஒருவர் திரும்பி வந்து அட்மிட் ஆவதைப் பார்த்த எவருக்கும் பயம் வரும். "எதுக்கும் இருக்கட்டும்" என்பதுதான் அந்த வார்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

பிரசவத்துக்குப் பின்னான வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகத் தொடங்கி, ஆபரேஷன் தியேட்டருக்குப் போய், பிறகு மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பொறுப்புக்கு வந்தேன். மூன்று இடத்திலிருந்தும் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். இந்தத் துறையில் ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் கொடுத்தோம் என்பதைவிட எந்த நிமிடத்தில் கொடுத்தோம் என்பது பெரிய கேள்வி. ஆனால் நாங்கள் வருடக்கணக்கில் நாளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம்.

காரணம் எளிது. தோலைக் கிழித்த அந்தச் சில நிமிடங்களில்தான் கிருமி உள்ளே விழுகிறது. அப்போது அந்தச் சதையில், அந்த ரத்தத்தில் மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தைத்து முடித்து வார்டுக்கு வந்தபின் ஐந்து நாள் ஊற்றுவது பஸ் போனபிறகு ஸ்டாப்பில் நிற்பதுதான். 1992-இல் 2,847 அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை எண்களாகவே காட்டியது. கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் புண்ணில் தொற்று வந்தவர்கள் 0.6 சதவீதம். அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம். அதைவிட விசித்திரம், இரண்டு மணி நேரத்துக்கும் முன்னதாகவே போட்டுவிட்டவர்களில் 3.8 சதவீதம். ரொம்ப சீக்கிரம் போட்டாலும் வீண்தான். இதை தியேட்டர் சுவரில் ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். தியேட்டர் சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்பதும் என் பொறுப்பில்தான் வருகிறது என்பதால் விட்டுவிட்டேன்.

சிசேரியனில் மட்டும் இன்னொரு தயக்கம் ரொம்ப நாள் இருந்தது. குழந்தையை எடுத்து, தொப்புள்கொடியைக் கிளாம்ப் போட்டபிறகுதான் ஊசி போட வேண்டும் என்று பழைய டாக்டர்கள் சொல்வார்கள். முன்பே போட்டால் மருந்து குழந்தைக்கும் போய்ச் சேரும், குழந்தைக்குத் தொற்று இருந்தால் அது மறைந்து நிற்கும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முன்பே போட்டதில் தாய்க்குக் கர்ப்பப்பைத் தொற்றும் தையல் தொற்றும் குறைந்தன. குழந்தைகளுக்குத் தீங்கு கூடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் தோலைக் கிழிப்பதற்கு முன்பே கொடுக்கச் சொல்கிறது. பொதுவாகப் பயன்படுவது செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம், கத்தி படுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள், ஒரே டோஸ். தாயின் எடை 120 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் 3 கிராம். ரத்தப்போக்கு 1,500 மில்லியைத் தாண்டினாலோ, அறுவை நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்டாலோ மறுபடி ஒரு டோஸ். மற்றபடி தொற்று எதுவும் இல்லாதவருக்கு அவ்வளவுதான், முடிந்தது.

முடிந்தது என்று எழுதுவது சுலபம். நடைமுறைப்படுத்தும்போதுதான் அந்த ஒரே டோஸ் எவ்வளவு நழுவும் சரக்கு என்று தெரிந்தது. வார்டில் போட்டு அனுப்பியிருப்பார்கள் என்று தியேட்டர் நினைக்கும். தியேட்டரில் போடுவார்கள் என்று வார்டு நினைக்கும். மயக்க மருந்து டாக்டர் முதுகில் ஊசி போட்டு, பிரஷர் இறங்குவதைக் கவனித்துக்கொண்டிருப்பார். சர்ஜன் கை கழுவிவிட்டு உள்ளே வந்துவிடுவார். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி ஓடிவந்த எமர்ஜென்சி கேஸ் என்றால் கேட்கவே வேண்டாம். எல்லாம் முடிந்து ட்ரேயைப் பார்த்தால் செஃபசோலின் குப்பி மூடிகூடத் திறக்காமல் கிடக்கும். பிறகு வார்டுக்குப் போய், "ஐந்து நாள் கொடுத்துவிடுங்கள்" என்று கேஸ் ஷீட்டில் ஏறும். நீண்ட கோர்ஸ்களில் பாதி இப்படித் தவறவிட்ட ஒரு டோஸுக்குப் பரிகாரமாக எழுதப்பட்டவை என்பது என் சந்தேகம்.

நாங்கள் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. செஃபசோலினை வார்டு அலமாரியிலிருந்து எடுத்து, முதுகு ஊசி போடும் ட்ரேயோடு சேர்த்தே வைத்தோம். மயக்க மருந்து டாக்டரின் கை போகும் இடத்தில் அது இருக்கும். போடும் பொறுப்பு அவருக்கு. கத்தி எடுப்பதற்கு முன் நோயாளியின் பெயர், என்ன ஆபரேஷன் என்று சத்தமாகச் சொல்லிச் சரிபார்க்கும் நிமிடத்தில், "ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போட்டது?" என்று கேட்பது ஆபரேஷனில் கை வைக்காமல் தியேட்டரைச் சுற்றிவந்து உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸின் வேலை. "போட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேஸ் ஷீட்டில் ஊசி போட்ட நேரமும் கத்தி பட்ட நேரமும் அடுத்தடுத்த கட்டங்களில். இரண்டையும் கழித்துப் பார்த்தால் போதும், அன்றைய வேலை ஒழுங்காக நடந்ததா என்று தெரிந்துவிடும்.

முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் எரிச்சல். "நான் போடாமல் விடுவேனா சிஸ்டர்?" என்று ஒரு மூத்த டாக்டர் கோபித்துக்கொண்டார். பதில் சொல்லாமல் மணியை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தோம். இப்போது நாங்கள் மறந்தாலும் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்.

அப்புறம் நீண்ட கோர்ஸை நிறுத்தும் கட்டம் வந்தது. ஆன்டிபயாடிக்கை நிறுத்து என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. அதனால் டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு ஒரு மாதம் வரை போன் போட்டுத் தையலைப் பற்றி விசாரிக்க ஏற்பாடு செய்தோம். சீழ் இருக்கிறதா, தையல் பிரிந்ததா, வேறு எங்காவது காட்டினார்களா. அலுப்பான வேலை. பலர் எடுக்கவே மாட்டார்கள், எடுத்தவர்கள் குழந்தை பால் கக்குவதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனாலும் அந்த நோட்டுப் புத்தகம்தான் எங்களைக் காப்பாற்றியது. மாத்திரை நிறுத்திய மாதங்களில் சீழ் பிடித்த தையல்கள் கூடவில்லை என்று பக்கத்தைப் புரட்டிக் காட்ட முடிந்தது. சந்தேகப்பட்ட டாக்டர்களே பிறகு மற்றவர்களிடம் பேசினார்கள்.

தொற்றைக் குறைத்த மற்ற காரியங்கள் எல்லாம் ஆன்டிபயாடிக் பாட்டிலுக்கு வெளியேதான் இருந்தன. பிளேடு வைத்து மழிப்பதை நிறுத்தினோம். தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதிலேயே கிருமி குடியேறும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் போதும். குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டைத் துடைத்தபின் அது தானாகக் காயும் வரை கை கட்டி நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடம் தியேட்டரில் மூன்று மணி நேரம் போலத் தெரியும். சர்க்கரை இருப்பவருக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் கை. வியன்னாவில் 1847-இல் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரேதப் பரிசோதனை முடித்து வந்த டாக்டர்களையும் மாணவர்களையும் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தபோதே பிரசவ ஜன்னிச் சாவுகள் சரசரவென்று இறங்கின. அந்த ஜன்னிக்கு முதல் மருந்து என்று சொல்லத்தக்க சல்ஃபா மருந்தை லண்டன் குயின் சார்லட்ஸ் மருத்துவமனையில் கோல்ப்ரூக் என்ற டாக்டர் சோதித்துப் பார்த்தது 1936-இல்தான். மருந்து வருவதற்குச் சுமார் 90 வருடம் முன்பே கை கழுவியது வேலை செய்திருக்கிறது. இன்றும் பல வார்டுகளில் சோப்பு டப்பா காலியாக இருக்கும், செஃப்ட்ரியாக்சோன் ஸ்டாக் நிறைந்திருக்கும்.

செஃப்ட்ரியாக்சோன் மேல் எனக்குத் தனிக் கோபம் எதுவும் இல்லை. நல்ல மருந்து. அதனால்தான் எல்லோருக்கும் கொடுக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது. தாராளமாகக் கைக்கெட்ட வேண்டியவை, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்க வேண்டியவை. செஃபசோலின் முதல் வகை. செஃப்ட்ரியாக்சோன் இரண்டாவது. தொற்றே இல்லாத சிசேரியன் தாய்க்கு இரண்டாம் வகையை ஐந்து நாள் ஓட்டிவிட்டால், நிஜமாகவே தொற்று வரும் நாளில், கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்', 'ஆர்' என்று, அதாவது மருந்து கேட்காது என்ற ரெசிஸ்டன்ஸ் எழுத்துதான் வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பச்சிளம் குழந்தைப் பிரிவு டாக்டர் அமைதியாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டாரைச் சமாளிப்பதுதான் எதிர்பாராத பாடமாக இருந்தது. ஒரு முறை ஒரு பாட்டி என்னை வழிமறித்தார். "பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கு மூணு வேளை ஊசி போடுறீங்க. எங்க பொண்ணுக்கு ஒண்ணுமே போடல. நாங்க கேட்கலைன்னுதானே?"

"இல்லைம்மா. அவங்களுக்குக் கர்ப்பப்பையில புண்ணு, காய்ச்சல் அடிக்குது. உங்க பொண்ணுக்கு அது வரக்கூடாதுன்னு தியேட்டர்லயே போட்டாச்சு. இப்ப போட்டா வயித்தால போகும், குழந்தைக்கு வாய்ப்புண் வரலாம். வேற பலன் இல்லை."

"தியேட்டர்ல எப்போ போட்டீங்க?"

கேஸ் ஷீட்டைத் திறந்து நேரத்தைக் காட்டினேன். பாட்டி மணியைப் படித்தார், மருமகளைப் பார்த்தார், சரி என்றார். அந்தக் கட்டத்தை எழுதி வைத்ததற்கு இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது சிசேரியன் என்றால் நீங்களும் கேட்கலாம். ஆபரேஷனுக்கு முன் ஆன்டிபயாடிக் போட்டீர்களா, எத்தனை மணிக்கு. பிறகும் தொடர்ந்தால், எந்தத் தொற்றுக்காக. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

சுகப்பிரசவத்தில் விஷயம் இன்னும் சுருக்கம். சிக்கல் இல்லாத பிரசவத்துக்கும், பிரசவ வாயை அகலப்படுத்த வெட்டும் எபிசியாட்டமிக்குச் சாதாரணமாகப் போட்ட தையலுக்கும் வழக்கமாக ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்திருந்தது என்பதும் தனியாக ஒரு காரணம் ஆகாது. ஆசனவாய்த் தசை வரை கிழிந்திருந்தால் வேண்டும். நஞ்சுக்கொடி தானாக வராமல் கையை விட்டு எடுத்திருந்தால் வேண்டும். குழந்தையைக் கருவியால் இழுத்தெடுக்கும் ஃபோர்செப்ஸ், வேக்குவம் பிரசவங்களில் வேண்டுமா என்று உறுதியாகச் சொல்ல முன்பெல்லாம் ஆதாரம் இல்லை. 2019-இல் பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஒரே ஊசி போட்டவர்களில் தொற்று 11 சதவீதம், போடாதவர்களில் 19 சதவீதம் என்று வந்தது. இங்கேயும் ஒரே டோஸ்தான், கவனியுங்கள்.

பனிக்குடம் விஷயத்தில் எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது. மாதம் நிறையும் முன்பே பனிக்குடம் உடைந்து, வலி இல்லாமல் ஒருவர் வந்தால் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பலன் உண்டு. பனிக்குடம் உடையாமல் குறைமாத வலி மட்டும் வந்தவருக்கு, வேறு தொற்று இல்லையென்றால், கொடுக்கக்கூடாது. கேட்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நிலைகள், இரண்டு எதிர் முடிவுகள். ஆரக்கிள் என்ற பெரிய ஆய்வின் இரண்டு பகுதிகள் 2001-இல் வெளிவந்தபோது இது தெளிவானது. இரண்டாவது வகைத் தாய்மார்களின் குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தார்கள். வயிற்றில் இருந்தபோது ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் பெருமூளை வாதம் அதிகமாக இருந்தது. 2008-இல் வந்த அந்த முடிவைப் படித்தபிறகு "எதுக்கும் இருக்கட்டும்" என்ற வாக்கியத்தை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. அதே ஆய்வில், பனிக்குடம் உடைந்தவர்களுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தபோது குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் கூடியதும் தெரிந்தது. எந்த மருந்து என்பதும் அலட்சியமாக எழுதக்கூடிய விஷயம் இல்லை.

பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடிய குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதாகத் தெரிந்த தாய்க்கு வலி தொடங்கியதும் பென்சிலின் போட வேண்டும். முதல் டோஸ் உள்ளே போய் நான்கு மணி நேரமாவது ஆனபின் பிரசவம் நடந்தால்தான் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு என்று கணக்கு. ஆகவே இதிலும் கடிகாரம்தான். ரிப்போர்ட் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தால் அந்த நான்கு மணி நேரம் போய்விடும். அட்டையின் முகப்பில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பென்சிலின் என்றதும் அலர்ஜி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று இருந்தால் எல்லோரும் இரண்டடி பின்வாங்குவார்கள். பென்சிலின் போச்சு, செஃபசோலின் போச்சு, பதிலாகக் கிளின்டாமைசினும் ஜென்டாமைசினும் வரும். மக்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த முத்திரை இருக்கிறது. முறையாகப் பரிசோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜி இல்லை என்று தெரிய வருகிறது. நிஜமாக இருந்தவர்களிலும் பலருக்குப் பத்து வருடத்தில் அது போய்விடுகிறது.

அதனால் நான் முத்திரையைப் படித்துவிட்டு நகர்வதில்லை, உட்கார்ந்து கேட்கிறேன். என்ன ஆச்சு? யாருக்கு நினைவிருக்கிறது, உங்களுக்கா, அம்மாவுக்கா? மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில்? மூச்சு முட்டியதா, உதடு வீங்கியதா, மயக்கமா? அதற்குப் பிறகு, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் சாப்பிட்டிருக்கிறீர்களா? ஒருவரிடம் இப்படிக் கேட்டபோது, சின்ன வயதில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள், வாந்தி எடுத்தேன், அவ்வளவுதான் என்றார். போன வருடம் பல் பிடுங்கியபோது அமாக்சிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையாம். அது அலர்ஜியே இல்லை. டாக்டரிடம் சொன்னேன், அவர் மறுபடி விசாரித்து முத்திரையை அடித்துவிட்டு, அடித்த காரணத்தையும் எழுதினார். இதைச் செய்யச் சிறந்த காலம் கர்ப்பமாக இருக்கும்போது செக்கப்புக்கு வரும் நாட்கள். வலியில் துடிப்பவரிடம் சின்ன வயதுக் கதை கேட்க முடியாது. நிஜமான கடும் அலர்ஜி இருந்தவர் மட்டும் எந்த மருந்துக்கு, என்ன ஆனது என்பதைத் தாளில் எழுதிக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். செஃபசோலினின் வேதியமைப்பு பென்சிலினிலிருந்து போதுமான அளவு விலகியது என்பதால், லேசான தடிப்பு மட்டும் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, குறைவாகக் கொடுப்பதுதான் நல்லது என்று யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குப் பயம்தான். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் வந்தால் முதலில் தாயைப் பார்க்க வேண்டும், பிறகுதான் சீட்டு. மார்பு கல்லாகக் கட்டியிருக்கிறதா, தையலைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, அடிவயிற்றை அழுத்தினால் வலியா, உதிரப்போக்கு நாறுகிறதா, சிறுநீர் எரிகிறதா, கெண்டைக்கால் வீங்கியிருக்கிறதா, இருமலா. பால் கட்டியதால் வந்த காய்ச்சல் பால் எடுத்துவிட்டாலே இறங்கும். கர்ப்பப்பைத் தொற்று என்றால் கிளின்டாமைசினும் ஜென்டாமைசினும் நரம்பு வழியாக. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம், வீட்டுக்கு மாத்திரை தொடர வேண்டியதில்லை.

தொற்று முற்றி உடலின் உறுப்புகளையே பாதிக்கும் செப்சிஸ் என்றால் எல்லாமே மாறும். அங்கே ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். காய்ச்சலே இல்லை, தொட்டால் கை சில்லென்று இருந்தது. நாடி 130-ஐத் தாண்டியது, மூச்சு வேகவேகமாக. "என்னமோ சரியில்லை சிஸ்டர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டார் அசதி என்றார்கள். காய்ச்சல் இல்லையே என்று பயிற்சி டாக்டர் தயங்கினார். டூட்டி சீஃப் வந்து நாடியைப் பார்த்தவுடன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், எடுத்த கையோடு ஆன்டிபயாடிக், சலைன், ஆக்சிஜன், மணிக்கணக்கில் சிறுநீர் அளவு. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்ததாகப் பிறகு ரிப்போர்ட் வந்தது. அவர் பிழைத்தார். நாடி 110-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், சிறுநீர் குறைவு, பேச்சில் குழப்பம், இவற்றில் எது இருந்தாலும் தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது என்று காத்திருக்காதீர்கள். வீட்டுக்குப் போய்விட்ட தாய்க்கும் இது பொருந்தும். கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் பல கிருமிகளைத் தாக்கும் அகலமான மருந்திலிருந்து அந்தக் கிருமிக்கான குறுகிய மருந்துக்கு இறங்கும் வேலையையும் மறக்கக்கூடாது. ரிப்போர்ட் லேபில் தயாராக இருந்தும் யாரும் எடுத்துப் பார்க்காமல் மெரோபெனம் என்ற அகலமான மருந்து ஓடிக்கொண்டிருப்பதை நான் ரவுண்ட்ஸில் அடிக்கடி பார்க்கிறேன்.

பால் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நாங்கள் வழக்கமாகப் போடும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளோடு கொடுக்கலாம். மார்பில் சீழ்க்கட்டி வருமோ என்று பயந்து பாலை நிறுத்துவதுதான் ஆபத்து, தேங்கத் தேங்கத்தான் கட்டும்.

பெண்கள் நோய்ப் பிரிவில் கதை வேறு தினுசு. கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனுக்கும் அதே செஃபசோலின் ஒரு டோஸ். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கும், காப்பர்-டி வைப்பதற்கும் வழக்கமாக ஒன்றும் வேண்டாம். அங்கே நான் அதிகம் சண்டை போடுவது யூரின் டியூபுக்காக. ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்கிறார், டியூப் மட்டும் தொங்குகிறது, அதற்காக ஆன்டிபயாடிக்கும் தொடர்கிறது. டியூபை எடுத்துவிட்டால் இரண்டும் முடிந்தது. டியூப் இருப்பவரின் சிறுநீரில் கிருமி வளர்ந்தாலும் தொந்தரவு இல்லையென்றால் பொதுவாக மருந்து வேண்டாம். ஆனால் கர்ப்பிணிக்கு இது நேர்மாறு. எரிச்சல் எதுவுமே இல்லாமல் கல்ச்சரில் கிருமி வந்தாலும் சிகிச்சை தர வேண்டும், விட்டால் சிறுநீரகம் வரை ஏறும். அதற்குப் பயன்படும் நைட்ரோஃபுரன்டாயினைப் பிரசவ நாள் நெருங்கும்போது தவிர்க்க வேண்டும், பிறக்கும் குழந்தையின் ரத்த அணுக்கள் சிதையலாம் என்பதால்.

வெள்ளைப்படுதல் என்று சொன்னவுடன் மூன்று மாத்திரை சேர்ந்த கிட் ஒன்றைக் கொடுத்து அனுப்பும் பழக்கமும் உண்டு. பாதிப் பேருக்கு அது வழக்கமான கசிவாகவோ பூஞ்சையாகவோ இருக்கும், ஆன்டிபயாடிக்கில் பூஞ்சை இன்னும் கூடும். மாறாக, கருக்குழாய் வரை தொற்று ஏறியவருக்கு இரண்டு வாரம் முழுக் கோர்ஸ் தேவை. கணவருக்கும் சிகிச்சை வேண்டும். மூன்றாம் நாள் வலி குறைந்ததும் அவர் நிறுத்திவிட்டால் பிறகு குழந்தைக்காக அலைய வேண்டி வரலாம். நாளை எண்ண வேண்டிய இடம் இது, நாங்கள் அதிகம் வலியுறுத்தாத இடமும் இதுதான். இப்போது டிஸ்சார்ஜ் தாளில் கடைசி மாத்திரை எந்தத் தேதி என்று எழுதிக் கொடுக்கிறோம்.

எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் இன்னும் முடியாத வழக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். 2023-இல் ஏழு நாடுகளில் ஏறத்தாழ 29,000 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு வலியின்போது 2 கிராம் ஒரே தடவை வாய்வழியாகக் கொடுத்ததில், செப்சிஸோ மரணமோ 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. ஒரு சாரார் உடனே எல்லோருக்கும் தொடங்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு இரண்டாகத்தான் இருக்கிறது. தாயைக் காப்பாற்றும் எண்ணை ஒதுக்க முடியாது, ஆனால் பிரசவிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே மருந்தை ஊட்டினால் அது எத்தனை வருடம் தாங்கும் என்ற கேள்வியும் உண்டு. செப்சிஸ் அதிகமாக இருக்கும் இடங்களில் நான் ஆதரிப்பேன். எங்கள் வார்டில் அது குறைவு என்பதால், அடுத்த கூட்டத்துக்குள் எங்கள் செப்சிஸ் எண்ணிக்கையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். போன் நோட்டுப் புத்தகத்தை வைத்து அதைத்தான் இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறேன்.